காரில் பாடாத பென்டிரைவ்

விடியற்காலை நாலரை மணி. ஊருக்குப் புறப்படும் குடும்பம் காரில் ஏறிவிட்டது. பின் இருக்கையில் தாத்தாவும் பாட்டியும். பாட்டியின் மடியில் முறுக்கு டப்பா. முந்தின இரவு கண்விழித்து மகன் ஆயிரத்து ஐந்நூறு பாட்டு ஏற்றி வைத்த புத்தம் புதிய 128 ஜிபி பென்டிரைவை அப்பா சொருகுகிறார். ஸ்டீரியோ திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. அப்புறம் ஒரே ஒரு வரி: இந்தக் கருவியைப் படிக்க முடியவில்லை. கழற்றி, ஊதி, மறுபடி சொருகினாலும் அதே வரிதான். கடைசியில் டேஷ்போர்டுப் பெட்டியில் கிடந்த பழைய 8 ஜிபி பென்டிரைவை எடுத்துச் சொருகினால் ஐந்தாவது நொடியில் பாட்டு வந்துவிடுகிறது.

கார் வைத்திருக்கும் பல வீடுகளுக்கு இது பழகிய காட்சி. பென்டிரைவ் விற்ற கடையில் கேட்டால் ஸ்டீரியோவில் கோளாறு என்பார்கள். கார் சர்வீஸ் நிலையத்தில் கேட்டால் பென்டிரைவ் சரியில்லை என்பார்கள். பெரும்பாலான நேரங்களில் இரண்டிலும் பழுதில்லை. இரண்டும் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தவை, அவ்வளவுதான். கைபேசியை நாலைந்து ஆண்டுகளில் மாற்றிவிடுகிறோம். கார் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடுகிறது. அதிலுள்ள ஸ்டீரியோவின் வடிவமைப்போ கார் விற்பனைக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடும். அதனால் அந்தக் கருவி தன் காலத்து விதிகளையே கடைசிவரை பின்பற்றும். எந்தப் பென்டிரைவை வாங்குவது, அதை எப்படி ஃபார்மேட் செய்வது, பாட்டுகளை எப்படி அடுக்குவது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை இந்த ஒரு உண்மையிலிருந்துதான் தொடங்குகிறது.

கேசட் முதல் பென்டிரைவ் வரை

1980களில் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. ஒரு தாளில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், சில நாள் கழித்து 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வைத்திருப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதைப் பட்டியல் எழுதியவரே முடிவு செய்தார். கேசட் அந்த வரிசையை மாற்றவே மாற்றாது. பிறகு எம்பி3 குறுந்தகடு வந்தது. 700 எம்பி கொண்ட ஒரு தகட்டில் நூற்று நாற்பதுக்கும் மேல் பாட்டு அடங்கியது. ஆனால் குண்டும் குழியுமான சாலையில் தகடு துள்ளும். கீறல் விழுந்தால் பாட்டு திக்கும்.

பென்டிரைவில் சுழலும் பாகமே இல்லை. அதன் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோக்கா கண்டறிந்தது. இன்றைய பென்டிரைவ்களில் உள்ள நாண்டு வகையை அவர் 1987இல் அறிமுகப்படுத்தினார். சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் தம்ப்டிரைவ் என்ற பெயரிலும், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் தயாரித்த டிஸ்க்ஆன்கீயை ஐபிஎம் தன் பெயரிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தது 2000ஆம் ஆண்டில். அந்த டிஸ்க்ஆன்கீயின் கொள்ளளவு 8 எம்பி. சுமாரான தரத்தில் இரண்டு முழுப் பாட்டுகூட அதில் அடங்கியிருக்காது. இன்று அதே சுண்டுவிரல் அளவில் அதைப்போல் பல்லாயிரம் மடங்கு கிடைக்கிறது. கொள்ளளவு இப்படிப் பாய்ந்து போனாலும் காரில் அதைப் படிக்கும் கருவி அதே வேகத்தில் மாறவில்லை. சிக்கல் பிறப்பது அந்த இடைவெளியில்தான்.

சொருகியதும் என்ன நடக்கிறது

பென்டிரைவைச் சொருகியதும் ஸ்டீரியோ ஐந்து படிகளைக் கடக்கிறது. முதலில் மின்சாரம் கொடுக்கிறது. பிறகு, வந்திருப்பது சேமிப்புக் கருவியா என்று பார்க்கிறது. அடுத்து, பென்டிரைவ் எத்தனை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலைத் தேடுகிறது. நான்காவதாக, அந்தப் பகுதிக்குள் கோப்புகள் எந்த முறையில் அடுக்கப்பட்டுள்ளன என்று படிக்கிறது. கடைசியாக, தனக்குத் தெரிந்த வகைப் பாட்டுக் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் பட்டியலிடுகிறது. எந்தப் படியில் இடறினாலும் திரையில் வருவது ஏறக்குறைய ஒரே வரிதான். இடறியது எங்கே என்று ஸ்டீரியோ சொல்லாது. நாம்தான் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

முதல் படியிலேயே இடறுகிறவர்கள் உண்டு. இப்போதைய கார்களில் இரண்டு மூன்று யூஎஸ்பி துளைகள் இருக்கின்றன. அவற்றில் எல்லாமே பாட்டுக்கானவை அல்ல. சில துளைகள் கைபேசிக்கு மின்னேற்ற மட்டுமே உதவும். தகவல் போகும் கம்பி அவற்றில் இருக்காது. மின்னல் அல்லது பேட்டரிக் குறி உள்ள துளை பெரும்பாலும் அந்த வகை. திரிசூலம் போன்ற யூஎஸ்பி குறியோ இசைக் குறியோ உள்ள துளையில்தான் பென்டிரைவைச் சொருக வேண்டும். பின் இருக்கைக்காரர்களுக்கென்று வைத்த துளைகள் அநேகமாக மின்னேற்றத்துக்கே.

ஃபேட்32 என்னும் பழைய பதிவேடு

பெரும்பாலான பென்டிரைவ்கள் தடுமாறுவது நான்காவது படியில். ஒரு கிராமத்தில் எந்த சர்வே எண் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பதிவேடு சொல்வதுபோல, பென்டிரைவில் எந்தக் கோப்பு எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்று சொல்ல ஒரு பதிவேடு வேண்டும். அந்தப் பதிவேட்டை எழுதும் முறைதான் கோப்பு முறைமை. ஃபார்மேட் செய்வது என்றால் பழைய பதிவேட்டைக் கிழித்துவிட்டுப் புதியதைத் திறப்பது.

பென்டிரைவ்களில் காணப்படும் முறைமைகளில் மிகப் பழையது ஃபேட் குடும்பம். மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்டு 1977இல் இதன் முதல் வடிவத்தை எழுதினார். 1996இல் விண்டோஸ் 95இன் திருத்திய பதிப்போடு ஃபேட்32 வந்தது. எளிமையானது, எல்லோருக்கும் தெரிந்தது, சிறிய நினைவகம் கொண்ட கருவியும் எளிதில் படிக்கக் கூடியது. அதனால் கேமரா, தொலைக்காட்சி, கார் ஸ்டீரியோ என்று எல்லாவற்றிலும் இடம்பிடித்தது. இதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்ற கட்டுப்பாடு உண்டு. திரைப்படம் சேமிப்பவருக்கு அது இடைஞ்சல். ஐந்தாறு எம்பிப் பாட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

1993இல் விண்டோஸ் என்டியுடன் வந்த என்டிஎஃப்எஸ் கணினிக்கு உகந்தது. கார் ஸ்டீரியோக்களில் பல அதை அறியவே அறியாது. மூன்றாவது, 2006இல் வந்த எக்ஸ்ஃபேட். பெரிய கோப்புகளுக்காகவே உருவானது. ஆனால் அதைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் மைக்ரோசாஃப்டிடம் உரிமம் பெற வேண்டியிருந்தது. அதன் முழு விவரக் குறிப்பை மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாக வெளியிட்டது 2019 ஆகஸ்டில்தான். அந்த ஆண்டு நவம்பரில் வெளியான லினக்ஸ் 5.4இல் எக்ஸ்ஃபேட் முதன்முறையாக இடம்பெற்றது. ஸ்டீரியோக்களில் பல லினக்ஸின் மேல் ஓடுபவை. ஆகவே அதற்கு முன் வடிவமைத்த கார்களில் எக்ஸ்ஃபேட் இல்லாதது வியப்பில்லை.

தொடக்கத்தில் பார்த்த 128 ஜிபி பென்டிரைவ் ஏன் பாடவில்லை என்பது இப்போது விளங்கும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை பலவும் தொழிற்சாலையிலிருந்தே எக்ஸ்ஃபேட் ஆக வருகின்றன. 32 ஜிபியும் அதற்குக் கீழும் உள்ளவை பெரும்பாலும் ஃபேட்32 ஆக வருகின்றன. பழைய 8 ஜிபி பாடியதன் ரகசியம் அதன் சிறிய கொள்ளளவில்தான் இருந்தது.

128 ஜிபியையே ஃபேட்32 ஆக மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். மாற்றலாம், ஃபேட்32 2 டிபி வரை தாங்கும். ஆனால் விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சாளரம் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 என்ற தேர்வையே நெடுங்காலம் காட்டவில்லை. அந்தச் சாளரத்தை 1990களில் எழுதிய மைக்ரோசாஃப்ட் பொறியாளர் டேவ் பிளம்மர், அந்த 32 ஜிபி எல்லையைத் தானே தற்காலிகமாக வைத்ததாகப் பின்னாளில் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தற்காலிகம் முப்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாக நீடித்தது. 2024 ஆகஸ்டில் விண்டோஸ் 11இன் ஒரு சோதனைப் பதிப்பில், அதுவும் கட்டளை வரியில் மட்டும், அந்த எல்லை 2 டிபியாக உயர்ந்தது. மற்றவர்கள் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளையோ ஃபேட்32 ஃபார்மேட் என்ற சிறு கருவியையோ பயன்படுத்தினால் பெரிய பென்டிரைவும் ஃபேட்32 ஆகிவிடும்.

ஃபார்மேட் செய்யும் முறை

விண்டோஸ் கணினியில் 32 ஜிபி பென்டிரைவுக்கு இது இரண்டு நிமிட வேலை. உள்ளே இருப்பவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் தேவையானதை வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். பிறகு பென்டிரைவின் பெயர்மேல் வலது சொடுக்கு, ஃபார்மேட், கோப்பு முறைமையில் ஃபேட்32. கட்ட அளவைக் கணினி தருவதுபோலவே விட்டுவிடலாம். பெயருக்கு ஃபேட்32இல் பதினொரு எழுத்து வரைதான் இடம். ஆங்கில எழுத்தில் சிறியதாக வைப்பது நல்லது. விரைவு ஃபார்மேட் போதும். பென்டிரைவில் சந்தேகம் இருந்தால் மட்டும் முழு ஃபார்மேட். அது ஒவ்வொரு கட்டத்தையும் சோதிப்பதால் நேரம் பிடிக்கும்.

மேக் கணினியில் ஒரு படி கூடுதல் கவனம் தேவை. டிஸ்க் யுடிலிட்டியில் எல்லாக் கருவிகளையும் காட்டச் சொல்லி, பென்டிரைவின் உள்பகுதியை விட்டுவிட்டு மேலே இருக்கும் கருவியின் பெயரையே தேர்ந்தெடுக்க வேண்டும். வகை எம்எஸ்-டாஸ் ஃபேட். திட்டம் மாஸ்டர் பூட் ரெக்கார்டு. இந்தத் திட்டம்தான் மூன்றாவது படியில் ஸ்டீரியோ தேடும் பகுதிப் பட்டியல். ஜியுஐடி என்ற புதிய வகைப் பட்டியலைப் பழைய ஸ்டீரியோக்கள் புரிந்துகொள்ளாது. ஃபேட்32 ஆகச் சரியாக ஃபார்மேட் செய்தும் பாடவில்லையே என்று தவிப்பவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இன்னொரு வகைப் பென்டிரைவும் இதே இடத்தில் மாட்டும். எப்போதோ விண்டோஸ் அல்லது லினக்ஸ் நிறுவப் பயன்படுத்தியது அது. அதில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு மூன்று பகுதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலோட்டமாக ஃபார்மேட் செய்தால் அவை போகாது. விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் கிளீன் கட்டளை கொடுத்து, பழைய பகுதிகள் அனைத்தையும் துடைத்து, ஒரே பகுதியாகப் புதிதாகப் பிரிக்க வேண்டும். அங்கே வட்டின் எண்ணைத் தவறாகக் கொடுத்தால் கணினியின் சொந்த வட்டே துடைக்கப்பட்டுவிடும். கொள்ளளவைப் பார்த்து, இது பென்டிரைவ்தான் என்று இருமுறை உறுதி செய்துகொள்ளாமல் அந்தக் கட்டளையைத் தொடவே கூடாது.

எவ்வளவு பெரியது போதும்

கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தெளிவாகவே கிடைக்கும். நொடிக்கு 320 கிலோபிட் என்ற உயர்ந்த எம்பி3 தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பி. 32 ஜிபியில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் அடங்கும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கேட்டாலும், அதே பாட்டு திரும்ப வராமல் நூறு நாள் தாண்டும். 128 கிலோபிட்டில் ஏற்றினால் ஆறாயிரத்துக்கும் மேல். கணினி 32 ஜிபியை 29.8 என்று காட்டுவதைக் கண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார். விண்டோஸ் 1024ஆகப் பெருக்குகிறது. சரக்கு ஒன்றுதான்.

வேகத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதும் பாட்டுக்குத் தேவையில்லை. 2000இல் வந்த யூஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட் கடத்த வல்லது. உயர்ந்த தரப் பாட்டுக்கு வேண்டியதோ 0.32 மெகாபிட். நீல நிற நாக்குள்ள யூஎஸ்பி 3 வகை, கணினியில் பாட்டு ஏற்றும் நேரத்தை மிச்சப்படுத்தும். காரில் அதனால் கூடுதல் பலன் இல்லை.

வடிவம்தான் பலர் கவனிக்கத் தவறுவது. கியர் அருகே நீட்டிக்கொண்டிருக்கும் நீளமான பென்டிரைவ் முழங்காலிலோ கைப்பையிலோ இடிபட்டால், உடைவது பெரும்பாலும் பென்டிரைவ் அல்ல; காரின் துளை. அதைச் சரிசெய்ய டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும். ஃபிட் என்று பெயர் தாங்கி வரும் நகம் அளவுப் பென்டிரைவ்கள் துளைக்கு வெளியே அரை அங்குலம்கூட நீளாது. காருக்கு அவையே ஏற்றவை. புதிய கார்களில் டைப்-சி துளை மட்டுமே இருப்பதும் உண்டு. அவற்றுக்கு இருபுறமும் முனையுள்ள பென்டிரைவைத் தேடலாம்.

அடுத்தது வெயில். அமெரிக்காவின் அரிசோனாவில் நடத்தி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், வெளியே 38 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமிருந்த நாட்களில், வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு ஒரே மணி நேரத்தில் சராசரியாக 69 டிகிரியை எட்டியது. பென்டிரைவ் தயாரிப்பாளர்கள் இயங்கு வெப்பமாகக் குறிப்பிடுவது பொதுவாக 45 அல்லது 60 டிகிரி வரை. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் கார் வைத்திருப்பவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஃபிளாஷ் நினைவகம் தகவலை மின்னேற்றமாகவே தேக்கி வைக்கிறது. வெப்பம் ஏற ஏற அது கசியும். கண்ணாடிக்குக் கீழே மேல்தட்டில் இல்லாமல், கைப்பிடிக்கு அடியிலோ மூடியுள்ள பெட்டிக்குள்ளோ உள்ள துளையைப் பயன்படுத்துவது பென்டிரைவின் ஆயுளைக் கூட்டும்.

போலிச் சரக்கைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். 1 டிபி என்று அச்சிட்டு, நம்ப முடியாத விலைக்கு விற்கும் பென்டிரைவ்களில் உண்மையில் இருப்பது சில ஜிபியாக இருக்கலாம். அதன் கட்டுப்பாட்டுச் சில்லு கணினியிடம் பொய்க் கொள்ளளவைச் சொல்லும். நிறைந்த பிறகு ஏற்றும் பாட்டுகள் பெயரளவில் இருக்கும், இயக்கினால் ஊமையாகும். ஜெர்மனியின் சி'டி இதழைச் சேர்ந்த ஹரால்டு போகெல்ஹோல்ஸ் எழுதிய ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் பென்டிரைவை முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். வாங்கிய அன்றே அதை ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

எந்த வடிவில் பாட்டு

எல்லா ஸ்டீரியோவும் படிப்பது எம்பி3. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் உருவாக்கிய இந்த வடிவத்துக்கான உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. இன்று யாரும் யாருக்கும் கட்டணம் கட்டாமல் இதைப் பயன்படுத்தலாம். ஆப்பிள் கடையில் வாங்கிய பாட்டுகள் இருக்கும் ஏஏசி வடிவத்தைப் பல ஸ்டீரியோக்கள் படிக்கும், சில படிக்காது. ஒலி எள்ளளவும் குறையாத ஃபிளாக் வடிவத்தைப் புதியவை படிக்கும். இணையக் காணொளிகளிலிருந்து எடுத்த ஓபஸ் கோப்புகளைப் பெரும்பாலானவை அறியா. கோப்பின் வால் பெயரை எம்பி3 என்று மாற்றினால் மட்டும் உள்ளிருக்கும் ஒலி எம்பி3 ஆகிவிடாது.

அதேபோல, 128 கிலோபிட்டில் இருக்கும் பாட்டை 320 ஆக மாற்றினால் அளவுதான் பெருகும். இழந்த ஒலி திரும்பாது. நல்ல ஒலி வேண்டுமானால் மூலமே நன்றாக இருக்க வேண்டும். வீட்டுப் பரணில் கிடக்கும் அசல் குறுந்தகடுகள் நொடிக்கு 1411 கிலோபிட் தரம் கொண்டவை. அவற்றிலிருந்து நேரடியாக மாற்றிய பாட்டை மிஞ்ச இணையத்தில் அலைந்து எடுத்தவற்றால் ஆகாது. மாத சந்தா கட்டும் செயலிகளில் தரவிறக்கி வைத்த பாட்டுகளைப் பென்டிரைவுக்குக் கொண்டுபோக முடியாது. அவை பூட்டப்பட்டவை, அந்தச் செயலிக்குள் மட்டுமே பாடும்.

அடுக்கும் வரிசை

ஸ்டீரியோக்களுக்கு எண்ணிக்கை வரம்பும் உண்டு. டொயோட்டாவின் பல கார்களின் கையேடுகள், ஒரு கோப்புறைக்கு 255 பாட்டு, மொத்தம் 9,999 பாட்டு, எட்டு அடுக்கு ஆழம் என்று எழுதுகின்றன. பயோனியரின் பல ஸ்டீரியோக்களின் கையேட்டில் 500 கோப்புறை, 15,000 பாட்டு. ஆயிரம் பாட்டையும் ஒரே கோப்புறையில் கொட்டி வைத்தவருக்கு முதல் வகை ஸ்டீரியோவில் முக்கால்வாசிப் பாட்டு கண்ணிலேயே படாது. படத்துக்கு ஒரு கோப்புறை என்று பிரித்து வைக்கும் இளையராஜா ரசிகருக்கு இரண்டாவது வகையில் வேறு சிக்கல். 1976இன் ‘அன்னக்கிளி’ முதல் அவர் இசையமைத்த படங்கள் ஆயிரத்தைத் தாண்டும். பாதிக்கு மேல் வரம்புக்கு வெளியே நின்றுவிடும். பத்தாண்டுக்கு ஒன்று, அல்லது பாடகருக்கு ஒன்று என்று கோப்புறைக்கு நூறு நூற்றைம்பது பாட்டாகப் பிரித்தால் இரண்டு வரம்பும் கடிக்காது. ஓட்டும்போது தேடுவதும் எளிது.

வரிசை குலைவது இன்னொரு பெரிய குறை. அருணகிரிநாதர் பாடல்களை வரிசையாகக் கேட்க நினைத்தால் நடுவிலிருந்து தொடங்குகிறது என்பார்கள். இதற்குக் காரணம் ஃபேட் பதிவேட்டின் இயல்பு. கணினி நமக்குப் பெயர்வரிசையில் அடுக்கிக் காட்டுகிறது; பதிவேட்டில் இருப்பதோ எழுதிய வரிசை. பல ஸ்டீரியோக்கள் அந்த எழுதிய வரிசையிலேயே பாடும். ஒரு பாட்டை அழித்தால் பதிவேட்டில் அந்த வரி காலியாகும். அடுத்து ஏற்றும் பாட்டு அந்தக் காலி வரியில் போய் உட்காரும். நேற்று ஏற்றிய புதுப்பாட்டு பழைய பாட்டுகளுக்கு நடுவே ஒலிப்பது இதனால்தான்.

தீர்வு எளிது. பாட்டின் பெயருக்கு முன் 01, 02, 03 என்று இரண்டிலக்க எண் போட வேண்டும். நூறைத் தாண்டினால் 001 என்று மூன்றிலக்கம். வெறும் 1, 2, 10 என்று போட்டால் எழுத்து வரிசையில் பார்க்கும் ஸ்டீரியோ 1க்கு அடுத்து 10ஐப் பாடும். எண் போட்ட பிறகும் வரிசை குலைந்தால் டிரைவ்சார்ட் போன்ற சிறு மென்பொருள் பதிவேட்டையே பெயர் வரிசையில் திருத்தி எழுதிவிடும். லினக்ஸில் ஃபேட்சார்ட் உண்டு. அதுவும் வேண்டாம் என்பவர், பென்டிரைவைப் புதிதாக ஃபார்மேட் செய்து, கோப்புறைகளை ஒவ்வொன்றாக வரிசைப்படி நகலெடுத்தால் போதும்.

மேக் கணினியில் ஏற்றியவர்களுக்கு ஒரு விசித்திரம் காத்திருக்கும். ஐந்நூறு பாட்டு ஏற்றினால் ஸ்டீரியோ ஆயிரம் என்று காட்டும். ஒன்றுவிட்டு ஒன்று பாடாமல் தாவும். ஒவ்வொரு பாட்டுக்கும் துணையாக, புள்ளியும் அடிக்கோடும் பெயருக்கு முன்னால் வைத்த ஒரு சிறு மறைகோப்பை மேக் எழுதிவிடுகிறது. கணினித் திரையில் அது தெரியாது. ஸ்டீரியோவோ அதையும் பாட்டென்று எண்ணுகிறது. டெர்மினலில் டாட் கிளீன் கட்டளை கொடுத்தால் அவை நீங்கும்.

தமிழ்ப் பெயர்கள் கட்டமாவது ஏன்

பாட்டின் பெயர், படம், பாடகர் விவரங்கள் கோப்புக்குள்ளேயே ஐடி3 என்ற குறிப்பில் இருக்கின்றன. 1996இல் வந்த முதல் பதிப்பில் பாட்டின் பெயருக்கு முப்பது எழுத்து இடம்தான். இந்திய மொழிகளுக்கு வழியில்லை. 1998இல் தொடங்கிய இரண்டாம் பதிப்பில் யூனிகோடு எழுத்துக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் தமிழில் பெயர் வைத்த பாட்டுகள் பல ஸ்டீரியோத் திரைகளில் வெறும் கட்டங்களாக வருகின்றன. அதில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே பொருள்.

எழுத்துரு இருந்தும் தமிழ் சிதைவதுண்டு. ‘கொடி’ என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வருகிறது, கால் பின்னால் வருகிறது. ஆனால் கணினி நினைவகத்தில் முதலில் க, அடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில்தான் இருக்கும். அதைப் பிரித்து முன்னும் பின்னும் இருத்த ஒரு தனி நிரல் வேண்டும். அது இல்லாத திரையில் கொம்பும் காலும் ககரத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, படிக்க முடியாத குழப்பமாகும். 1991இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. இத்தனை ஆண்டு கழித்தும் சென்னையைச் சுற்றி உருவாகும் கார்களுக்குள் தமிழ்ப் பாட்டின் பெயர் தமிழில் தெரிவது உறுதியில்லை என்பது வருத்தத்துக்குரியது. வாங்குகிறவர்கள் கேட்டால்தான் தயாரிப்பாளர்கள் கவனிப்பார்கள்.

அதுவரை, கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, உள்குறிப்பையும் எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளால் சீர்செய்துகொள்ளலாம். குறிப்பை ஐடி3 2.3 பதிப்பில் சேமிப்பது பழைய ஸ்டீரியோக்களுக்கும் ஒத்துவரும். தரவிறக்கிய பாட்டுகளில் குறிப்பு இருக்கும் இடத்தில் ஏதோ இணையதளத்தின் விளம்பரம் ஒட்டிக்கொண்டிருப்பதையும் அப்போதே அகற்றிவிடலாம்.

ஒலியளவும் இப்படிச் சீர்செய்யக் கூடியதே. 1960களின் பாட்டு மெல்ல ஒலிக்க, அடுத்து வரும் புதிய பாட்டு காதைக் கிழிக்கும். ஓட்டுநரின் கை ஒலிக்குமிழை விட்டு அகலாது. எம்பி3கெயின் என்ற மென்பொருள் கோப்பில் உள்ள ஒலியளவு எண்ணை மட்டும் 1.5 டெசிபல் படிகளாக ஏற்றி இறக்கி எல்லாப் பாட்டையும் சமமாக்கும். பாட்டை மறுபடி சுருக்காது என்பதால் தரம் குறைவதில்லை.

இன்னும் பென்டிரைவ் தேவைதானா

ஆப்பிளின் கார்பிளே 2014இலும் கூகுளின் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015இலும் கார்களுக்குள் வந்தன. கைபேசியிலேயே எல்லாப் பாட்டும் இருக்கும்போது பென்டிரைவ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எழுபது ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் பென்டிரைவ் தயங்காது. புளூடூத் வழியாகப் பாட்டை அனுப்பும்போது ஒலி மீண்டும் ஒருமுறை சுருக்கப்படுகிறது. பென்டிரைவில் அந்தச் சுருக்கம் இல்லை. அழைப்பு வந்தால் பாட்டு அறுந்துபோவதும் இல்லை. கார் யார் கையில் இருந்தாலும், கைபேசியை இணைக்கத் தெரியாத பெரியவர் ஏறினாலும், சாவியைத் திருப்பியதும் விட்ட இடத்திலிருந்து பாடும். கைபேசியில் புதிய பாட்டு, பென்டிரைவில் நிலையான தொகுப்பு என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

பராமரிப்பு பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சமே. ஃபேட்32இல் பாதியில் நின்ற எழுத்தைத் திருப்பிச் சரிசெய்யும் ஏற்பாடு கிடையாது. ஆகவே கணினியிலிருந்து பிடுங்காமல், முறையாக விடுவித்த பிறகே எடுக்க வேண்டும். ஃபிளாஷ் நினைவகம் என்றாவது ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். தொகுப்பின் இன்னொரு படியை வீட்டுக் கணினியில் வைத்திருப்பவருக்கு அன்று இழப்பு ஒன்றும் இராது.

மொத்தத்தில், பத்தாண்டு வயதுக் கார் முதல் இன்றைய கார் வரை ஏறக்குறைய எல்லாவற்றிலும் பாடக்கூடிய பென்டிரைவ் இதுதான்: பெயர்பெற்ற நிறுவனத்தின் நகம் அளவு 32 ஜிபி, ஒரே பகுதி, மாஸ்டர் பூட் ரெக்கார்டு, ஃபேட்32, கோப்புறைக்கு நூற்றைம்பதுக்கு மிகாத எம்பி3 பாட்டு, பெயருக்கு முன் இரண்டிலக்க அல்லது மூன்றிலக்க எண். இதைவிடப் பெரியதையும் புதியதையும் ஸ்டீரியோ ஏற்குமா என்பதைக் காரின் கையேடு சொல்லும். அநேகமாக அதன் கடைசிப் பக்கங்களில் இருக்கும். புதிய கார் வாங்கப் போகிறவர்கள் தங்கள் பென்டிரைவையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகட்டும். டெஸ்ட் டிரைவின்போது சொருகி, மூன்றாவது கோப்புறையின் நான்காவது பாட்டு வரை தேடிப் பாட வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு முன்பணம் கட்டட்டும்.